வாப்பா வருவதற்காக எழுதிய பரீட்சை

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆண்கள் வீடு திரும்புகிற நேரத்துக்குச் சரியாக வாப்பாவின் போன் வரும். கூடத்தில் பாயை விரித்து, நடுவே போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி உட்காருவோம். உம்மா, பெரியம்மா, தம்பி, நான். குவைத்தில் அப்போது தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கும். வாப்பா குளித்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே பேசுவார். அவர் தங்கியிருந்த அறையில் யாரோ பக்கெட்டை இழுக்கிற சத்தமும், இன்னொருவர் தும்முகிற சத்தமும் சேர்ந்தே வரும். முதலில் உம்மாவிடம் இரண்டு வார்த்தை, பிறகு பெரியம்மாவின் மூட்டுவலி, பிறகு தம்பியின் சேட்டை. கடைசியில் என் முறை. "படிக்கிறியாம்மா?" என்பார். "படிக்கிறேன் வாப்பா" என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தப் போனில் கெட்ட சேதி பேசக்கூடாது. யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் அப்படித்தான். காரைக்காலில் எங்கள் தெருவில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எல்லா வீட்டிலும் இதே கதைதான். உம்மாவுக்கு டைபாய்டு வந்து படுத்திருந்த வாரத்தில்கூட, "லேசா சளி புடிச்சிருக்குங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றார். வாப்பா மட்டும் என்ன, சளைத்தவரா? வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில், "இங்க என்ன, குளுகுளுன்னு இருக்கு" என்பார். கூடத்தில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது யார்தான் மனதில் உள்ளதைப் பேச முடியும்? எல்லோருக்கும் கேட்கும்படி பேசுவதாலேயே எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போயிற்று.

நான் பி.காம். முடித்துவிட்டு சி.ஏ.வில் சேர்ந்த வாரம் வாப்பா ஒரு வார்த்தை சொன்னார். "இவ ஆடிட்டர் ஆனதும் நான் பெட்டியைக் கட்டிருவேன். அதுக்குப் பொறவு எனக்கு என்ன வேலை இங்க?" கூடம் சிரித்தது. பெரியம்மா "இன்ஷா அல்லாஹ்" என்றார். உம்மா சிரிக்கவில்லை, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனார். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே குவைத்தில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலைக்குப் போனவர் வாப்பா. லீவில் வருவார், சாக்லேட்டும் சோப்பும் கொடுப்பார், அவர் வாசனை எனக்குப் பழகுவதற்குள் போய்விடுவார். பள்ளிக்கூட வாசலில் மற்ற பிள்ளைகளை அவர்களுடைய அப்பாக்கள் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். நான் பாஸானால் அவர் வந்துவிடுவார் என்றால், இமயமலையைக்கூட ஏறிவிடலாம் என்று அன்று தோன்றியது.

இப்போது என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சி, கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்கிற முதல் கேள்வி மார்க் பற்றியது இல்லை. "வெறுப்பா இருக்கற நாள்ல எதை நெனச்சுக்கிட்டுப் புத்தகத்தைத் தொறப்பே?" என்று கேட்பேன். பாவம், பேயைப் பார்த்த மாதிரி முழிப்பார்கள். ஒருத்தி, "எங்க ஃபேமிலில யாருமே இல்ல மேடம், நான்தான் ஃபர்ஸ்ட்" என்பாள். ஒருவன் மரியாதை என்பான். எல்லாம் நல்ல காரணங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் மாமாவிடம் சொல்கிற காரணம் வேறு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் இல்லாத அறையில் வியர்வை வழிய உன்னை உட்கார வைக்கிற காரணம் வேறு. இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் நம்பி இறங்கினால், பாதி வழியில் அது காலை வாரிவிடும். என்னுடைய காரணம் இவர்கள் எல்லோருடையதையும்விட அழகானது. அது என்னையே வாரிவிட்டதால்தான் சொல்கிறேன்.

முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டியதில் எனக்குச் சிரமம் இல்லை. வாப்பா வருகிறார், வாப்பா வருகிறார் என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே தாண்டிவிட்டேன். காரைக்கால் டவுனில் ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்தேன். சார் கோபக்காரர், ஆனால் நியாயமானவர். ஃபைனல் வந்ததும்தான் வண்டி நின்றது. அதில் இரண்டு குரூப். ஒரு தடவை முதல் குரூப் மட்டும் எழுதினேன், போனது. அடுத்த தடவை இரண்டாவது குரூப் மட்டும் எழுதினேன், அதுவும் போனது. அதற்கடுத்து இரண்டையும் எழுதினேன், சண்டை வேண்டாம் என்று இரண்டும் சேர்ந்தே போனது. ஒவ்வொரு முறை ரிசல்ட் வந்த பிறகும் அந்த வெள்ளிக்கிழமைப் போனில், "அடுத்த தடவை வாப்பா" என்பேன். "அதுக்கென்னம்மா, மெதுவா எழுது" என்பார் வாப்பா. அந்த "மெதுவா" என்னைக் கொன்றது. நான் மெதுவாக எழுதினால் அவரும் மெதுவாகத்தானே வருவார்?

என்னோடு ஆர்ட்டிகிள்ஷிப் பார்த்த தோழி டவுனில் மாதா கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. வாயாடி. ஒரு திங்கட்கிழமை வந்து, தன் மேஜையிலிருந்த கால்குலேட்டரையும் டிபன் பாக்ஸையும் பையில் போட்டுக்கொண்டு, "நான் கெளம்பறேன்டி" என்றாள். என்னடி ஆச்சு என்றேன். "எங்க சித்தப்பா ஆடிட்டரு. எங்கப்பாவுக்கும் அவருக்கும் சின்ன வயசுலேருந்து போட்டி. அந்தப் போட்டிக்கு நான் பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கேன். நேத்து பூசையில முழங்கால் போட்டுக்கிட்டு இருக்கறப்ப இது வெளங்குச்சு பாரு, சிரிப்ப அடக்க முடியல. எங்கம்மா தொடையில கிள்ளிட்டாங்க." பி.எட். சேரப் போகிறாளாம். பிள்ளைகளோடு கத்திக்கொண்டு இருந்தால்தான் தனக்குச் சோறு இறங்கும் என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, "ஆமா, நீ எதுக்குடி எழுதறே?" என்று கேட்டாள்.

"ஆடிட்டர் ஆகத்தான்" என்றேன். "அது தெரியுது. எதுக்கு?" என்றாள். அதுவரை யாரிடமும் சொல்லாதது என் வாயிலிருந்து நழுவிவிட்டது. "நான் பாஸானா எங்க வாப்பா வந்துருவாங்க." அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அவங்க வர்றதுக்கு எதுக்குடி பரீட்சை? பிளேன் டிக்கெட் போதாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். எங்கள் வீட்டு விஷயம் இவளுக்கு என்ன தெரியும் என்று சாயங்காலம் வரை புகைந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான், சரி, இப்படி நினைத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. வாப்பா வந்துவிட்டார். இனிமேல் போகப் போவதில்லை. கூடத்தில் பேப்பர் விரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார். இப்போது நீ அந்தத் தடிப் புத்தகத்தைத் திறப்பாயா? நடுத்தெருவில் நின்றுவிட்டேன். மாட்டேன். சத்தியமாகத் திறக்கமாட்டேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன், அவ்வளவுதான். இத்தனை வருஷம் அந்தப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியும் எனக்கும் அதற்கும் ஒரு பந்தமும் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் உறுத்தியது. சார் என்னைப் பட்டினச்சேரி ஐஸ் ஃபாக்டரிக்குக் கணக்குப் பார்க்க அனுப்புகிற நாட்களில் காலையிலிருந்தே எனக்கு மனசு லேசாக இருக்கும். காகிதத்தில் இருப்பதும் அந்த இடத்தில் நடப்பதும் ஒன்றுதானா என்று துருவிப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி. ஆனால் அன்று அதை நான் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வாப்பாவுக்கு முன்னால் ஐஸ் ஃபாக்டரி என்ன பெரிய விஷயம்?

மறுநாள் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு வாப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம் கடை அடைத்திருக்கிற நேரம். வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளில், ஸ்பீக்கர் இல்லாமல், நான் தனியாக அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை. எடுத்தவுடனே, "என்னம்மா, உம்மாவுக்கு ஏதும்…?" என்று பதறினார். வாரநாள் போன் என்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்கு மய்யித்துச் சேதி, சாவுச் சேதிதான். "எல்லாரும் நல்லா இருக்காங்க வாப்பா. நான் பரீட்சையை விட்டுறலாம்னு இருக்கேன். நான் பாஸாகலைன்னாலும் நீங்க வந்துருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"இன்னும் ஒரு தடவை எழுதிப் பாரேம்மா" என்றார் வாப்பா. அந்தக் குரலில் அக்கறையைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, "எனக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "அங்க வந்து நான் என்னம்மா செய்வேன்?" என்றார். என் வாப்பா என்னிடம் பேசிய முதல் உண்மை அது. "புத்தகம் இல்லாம என்ன செய்யறதுன்னு எனக்கும்தான் தெரியல. வாங்க வாப்பா, ரெண்டு பேரும் சேந்து தெரியாம இருப்போம்" என்றேன். மூக்கால் லேசாகச் சிரித்தார். முதலாளியிடம் கேட்டு, வழக்கத்தைவிட நீண்ட லீவு போட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குத்தான். உம்மாவைப் பெற்றவர்கள் உம்மாவுக்குக் கொடுத்த வீடு இது. மாப்பிள்ளைக்கு மரியாதைக்குக் குறைவே இருக்காது. ஊரிலேயே இருக்கிற ஆண்கள் நாளாக ஆக வீட்டு மனிதராகிவிடுவார்கள். வாப்பாவுக்கு அது வாய்க்கவே இல்லை. தாடி நரைத்த பிறகும் அவர் புது மாப்பிள்ளையாகவே இருந்தார். அவருக்குத் தனித் தட்டு, தனித் துண்டு, முதல் பந்தி. காற்றாடி சுவிட்ச் எது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் லைட்டைப் போடுவார். ஒருநாள் மத்தியானம் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி, "தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அவரே வாங்கிப் போட்ட ஃபிரிட்ஜ். "நீங்க ஏன் எந்திரிச்சீங்க, உக்காருங்க, நான் எடுத்தாறேன்" என்று உம்மா ஓடி வந்தார். மரியாதைதான், வேறொன்றும் இல்லை. அந்த மரியாதையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பகலெல்லாம் அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஒருநாள் என்னோடு வேலைக்குக் கூட்டிப் போனேன். திருமலைராயன்பட்டினத்தில் ஓர் இரும்புக் கடையில் வருஷக் கடைசிச் சரக்கு இருப்பை எண்ணிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. நான் உள்ளே தூசியில் உருண்டுகொண்டிருந்தேன். வெளியே கடைக்காரரோடு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து வாப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு பெரிய சிரிப்புச் சத்தம். யாரடா இப்படிச் சிரிப்பது என்று எட்டிப் பார்த்தால், வாப்பா! தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். அப்படி ஒரு சிரிப்பு அவருக்குள் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கடைக்காரரின் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், எங்கள் தெரு திரும்பியதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அமைதியாகிவிட்டார்.

என் பரீட்சை அவரை அங்கே பிடித்து வைத்திருக்கவில்லை என்று அன்றுதான் புரிந்தது. வேலை செய்கிற இடத்தில் மட்டுமே அவர் மனிதராக நடமாடினார், இங்கே மாப்பிள்ளையாக இருந்தார். திரும்பிப் போவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, மகள் படிக்கிறாள் என்பது கௌரவமான சாக்கு. நான் அவர் வருவதற்காகப் படித்தேன், அவர் வராமல் இருப்பதற்காக என் படிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். வருத்தமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? திருச்சி ஏர்போர்ட்டில் உள்ளே போவதற்கு முன் என் தலையில் கை வைத்து, "புடிச்சிருந்தா எழுதும்மா. நான் வர்றதுக்கும் அதுக்கும் முடிச்சுப் போட வேணாம். அது நான் போட்ட முடிச்சு" என்றார்.

கொஞ்ச காலம் புத்தகத்தைத் தொடவே இல்லை. தொடாமல் இருந்தபோதுதான், இரும்புக் கடையில் அன்று தூசியோடு தூசியாக இருந்தும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பது ஞாபகம் வந்தது. ஐஸ் ஃபாக்டரியும் அப்படித்தானே? இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. மேடையில் சொல்ல முடியாத சின்னக் காரணம், யாரும் கை தட்டமாட்டார்கள். ஆனால் அது என்னுடையது. வாப்பா கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தாலும், படிக்காவிட்டாலும், அது அப்படியே இருக்கும். மறுபடி உட்கார்ந்தேன். நடுவில் ஒரு தடவை தோற்றபோதும் முன்பு போல உலகம் இடியவில்லை. அதற்கடுத்து பாஸாகிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் சொன்னதும் கூடமே ஆர்ப்பரித்தது. பெரியம்மா போனுக்குள்ளேயே போய்விடுவது போலக் குனிந்து, "அப்ப பெட்டியைக் கட்டறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் போனையே பார்த்தார்கள். வாப்பாவுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "பெரிம்மா, அவங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப வரட்டும்." வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றார். உம்மா சீனி வாங்கித் தெருவெல்லாம் கொடுத்துவிட்டு வந்தார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அது அவர் வராத பாஸ்தானே? காரணம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் ஏக்கம் அது பாட்டுக்கு இருக்கிறது. அதற்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது.

அதற்குப் பிறகும் வாப்பா பல வருஷம் அங்கேயேதான் இருந்தார். டவுனில் என் பெயர் போட்ட பலகை ஏறியது, எனக்குக் கல்யாணமாகி என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பா லீவில் வந்து லீவில் போனார். போன வாரம் ஒரு புதன்கிழமை, ஆபீசில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. வாப்பா. இந்தத் தடவை பதறியது நான். "என்ன வாப்பா, உடம்புக்கு ஏதும்…?" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா. நான் வந்துரட்டுமா?" என்றார். பழக்கதோஷம், கேள்வி தானாக வந்தது. "எதுக்கு வாப்பா, கடையில ஏதும் பிரச்சனையா?" "கடைக்கு என்ன, நல்லா ஓடுது. முதலாளி போகவே வேணாங்கறாரு." "அப்பறம்?" என்றேன். கொஞ்சம் வெட்கப்படுகிற குரலில் சொன்னார். "உங்க கூட இருக்கணும் போல இருக்கும்மா. வந்து என்ன செய்வேன்னு இன்னும் தெரியல. இருந்தாலும் வரட்டுமா?" எதிரில் ஆள் இருப்பதையும் பார்க்காமல், "வாங்க வாப்பா, வாங்க" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

ஆபீசை அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். உம்மா கொல்லையில் அருவாமனையைப் போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "உம்மா, வாப்பா வர்றாங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கையைக் கழுவாமலே முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எத்தனை நாள் லீவாம்?" என்று கேட்டார்.

"லீவு இல்ல உம்மா" என்றேன்.

உம்மாவுக்கு விளங்கவில்லை. கையிலிருந்த மீனை அப்படியே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"லீவு இல்லாம எப்படிம்மா வருவாங்க?"